இருளைப் பதிப்பித்தல்: மறைந்தியங்கும் விளையாட்டுகளின் உயர்தெளிவு மறுவெளியீடுகளும் கோலாலம்பூர்க் களமும்

முன்னுரை

கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என வருந்தும் கட்டுரைகள் ஒருவகை; புதிய விளையாட்டின் விலையையும் வசதிகளையும் சொல்லும் அறிமுகக் குறிப்புகள் மற்றொரு வகை. விளையாட்டை ஒரு பனுவலாகக் கொண்டு அதன் அமைப்பையும் பொருளையும் ஆராயும் திறனாய்வு அரிதாகவே காணப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1990களிலும் 2000களிலும் வளர்ந்த தமிழ் இளைஞர் பலருக்குத் திரைப்படத்திற்கு அடுத்த நிலையில் கதைக்களமாக விளங்கியவை இவ்விளையாட்டுகளே என்பதை நோக்க, இக்குறை சிறியதன்று.

அவ்விளையாட்டுகளுள் புகழ்பெற்ற சில, 2011ஆம் ஆண்டு தொடங்கி உயர்தெளிவு வடிவில் மீண்டும் வெளியிடப்பட்டு வருகின்றன. மெட்டல் கியர் சாலிட், ஸ்பிளிண்டர் செல் ஆகிய வரிசைகளின் உயர்தெளிவுத் தொகுப்புகள் 2011இலும், ஹிட்மேன் வரிசையின் தொகுப்பு 2013இலும் வெளிவந்தன. இம்மூன்றும் ஒரே வகையைச் சார்ந்தவை. எதிரியின் கண்ணில் படாது ஒளிந்து இயங்குவதையே விளையாட்டாகக் கொண்டவை. இவற்றை ஈண்டு ‘மறைந்தியங்கும் விளையாட்டுகள்’ எனக் குறிக்கிறோம். இருளையும் மறைப்பையும் அடித்தளமாகக் கொண்ட ஒரு படைப்புக்குத் தெளிவைக் கூட்டுவது அப்படைப்பை என்ன செய்கிறது என்பதே நம் வினா. உயர்தெளிவு மறுவெளியீடு என்பது பழம்பொருளை மெருகூட்டும் தொழில்நுட்பப் பணியாக மட்டும் மதிப்பிடப்படுகிறது. அதனை ஒரு பதிப்புப்பணியாகக் கொண்டு, பதிப்புக்குரிய அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. கோலாலம்பூரையே களமாகக் கொண்ட ஒரு விளையாட்டு இவ்வாய்வுக்குச் சிறப்புச் சான்றாகிறது.

மறைந்தியங்கலின் இலக்கணம்

இவ்வகையின் தோற்றம் ஒரு குறையிலிருந்து பிறந்தது. 1987இல் ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் ஹிடியோ கொஜிமா எம்.எஸ்.எக்ஸ்.2 எனும் இல்லக் கணினிக்காக ஒரு போர் விளையாட்டை உருவாக்க முற்பட்டார். திரையில் ஒரே நேரத்தில் பல வீரர்களையும் பாயும் குண்டுகளையும் காட்டும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை. எனவே போரிடுவதை விடுத்துப் பகைவரிடமிருந்து ஒளிவதை விளையாட்டாக்கினார். மெட்டல் கியர் எனும் அவ்விளையாட்டில் காவலன் பார்க்கும் திசையே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

1998இல் இவ்வகை முழுமை பெற்றது. அவ்வாண்டில் மெட்டல் கியர் சாலிட் காவலரின் பார்வைப் பரப்பைத் திரையின் மூலையில் கூம்பு வடிவில் வரைந்து காட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் வெளியிட்ட தீஃப் எனும் விளையாட்டு, ஒளியோடு ஒலியையும் இலக்கணமாக்கியது. கம்பளத்தின்மீது நடந்தால் ஓசை எழாது. இரும்புத் தட்டின்மீதோ ஓடுகளின்மீதோ நடந்தால் காவலன் திரும்புவான். திரையின் அடியில் உள்ள ஒரு மணி, விளையாடுவோர் எந்த அளவு ஒளியில் நிற்கிறார் என்பதைக் காட்டும். நீர் அம்பு எய்து தீப்பந்தத்தை அணைத்து இருளை உண்டாக்கலாம். 2002இல் யூபிசாப்ட் நிறுவனத்தின் ஸ்பிளிண்டர் செல் இவ்வொளிக் கணக்கை மேலும் நுட்பமாக்கியது.

தமிழ்ப் பொருளிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வமைப்பு அயலானதன்று. தொல்காப்பியர் வெட்சித்திணையைக் களவினால் ஆநிரை கவர்தல் என வகுத்து, அதனைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார். பிறர் அறியாமை எனும் பண்பு அகத்திலும் புறத்திலும் ஒருங்கே நிற்பதை உரைமரபு எடுத்துக்காட்டுகிறது. அவர் கூறும் துறைகளின் வரிசையை நோக்குக. படை புறப்படும் அரவம் முதலில் அமைகிறது. அதன்பின் பக்கத்தார் அறியாது செல்லும் செலவு, ஒற்றரால் அறியும் வேய், ஊர்ப்புறத்தே சென்று தங்கும் புறத்திறை ஆகியன வருகின்றன. ஆகோள் முடிந்தபின் கவர்ந்த நிரைக்கு நோவு நேராமல் செலுத்தி வருதலும் ஒரு துறையாகிறது. செயலின் வெற்றியோடு செயல் நிகழ்ந்த முறையும் கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதே இதன் குறிப்பு. ஹிட்மேன் விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும், இலக்கை வீழ்த்தியவர் எவ்வளவு ஓசையின்றியும் வீண்கொலையின்றியும் அதைச் செய்தார் என்பதற்கு ஏற்பவே தரம் வழங்கப்படுகிறது.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. காண்பவர் ஐயுற்று வினவாத உருவமே ஒற்றனுக்கு முதல் தகுதியாக வள்ளுவரால் சொல்லப்படுகிறது. இருளில் ஒளிவது ஒருவகை மறைவு. எல்லாரும் காண நின்றும் ஐயுறப்படாமை மற்றொரு வகை மறைவு. தீஃப், ஸ்பிளிண்டர் செல் ஆகியன முதல்வகையின. ஹிட்மேன் இரண்டாம் வகையினது. இவ்விரு மறைவுகளையும் மறுவெளியீடுகள் எவ்வாறு கையாண்டன என்பதைத் தனித்தனியே காண்போம்.

மறுவெளியீடும் பதிப்பும்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏட்டிலிருந்து தாளுக்கு மாறியது எழுத்து மட்டுமன்று. புள்ளியும் காலும் தெளிவுபெற்றன; சொற்கள் பிரிக்கப்பட்டன; அடிகள் வரிசைப்பட்டன. படிப்போர் தொகையும் படிக்கும் முறையும் மாறின. ஆயினும் அப்பதிப்புகள் ஆய்வுலகின் நம்பிக்கையைப் பெற்றமைக்குக் காரணம், எந்த ஏட்டில் எவ்வாறு இருந்தது என்பதைப் பாடவேறுபாடுகளாகப் பதிப்பாசிரியர் காட்டியமையே. தாம் கொண்ட பாடத்தின் அருகே தாம் கொள்ளாத பாடத்தையும் வைத்தல் பதிப்பறத்தின் அடிப்படை.

திரைத்துறையில் இதற்கொரு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 1964இல் பி.ஆர். பந்துலு இயக்கி வெளிவந்த கர்ணன், எண்மியமுறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையிடப்பட்டுப் பெருவெற்றி கண்டது. கறைகள் நீங்கின, ஒலி புதுப்பொலிவு பெற்றது, படம் அகலத்திரைக்கு ஏற்ப மாற்றப்பட்டது. பார்வையாளர் மகிழ்ந்தனர். ஆனால் 1964ஆம் ஆண்டுச் சட்டகத்துக்குள் இயக்குநர் அமைத்த காட்சியமைதி எவ்வாறிருந்தது எனும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே.

விளையாட்டைப் பொறுத்தவரை இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. திரைப்படத்தின் சட்டகம் அகன்றால் காட்சியின் அழகு மாறும், கதை மாறாது. மறைந்தியங்கும் விளையாட்டில் சட்டகம் அகன்றால் விளையாட்டே மாறும். 4:3 எனும் விகிதத்தில் அமைந்த பழைய திரை 16:9 எனும் விகிதத்துக்கு விரியும்பொழுது, முன்னர்ப் பக்கவாட்டில் மறைந்திருந்த காவலன் இப்பொழுது முன்கூட்டியே தெரியக்கூடும். எதைக் காண இயலும், எதைக் காண இயலாது என்பதே இவ்வகையின் யாப்பு. அதனில் சீர் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தளை தட்டும்.

யாப்புச் சிதைவுகள்

இவ்வாறு தளை தட்டிய இடங்கள் சிலவற்றைச் சுட்டலாம்.

முதலாவது, நிழலின் இழப்பு. ஸ்பிளிண்டர் செல் வரிசையின் முதலிரு விளையாட்டுகள் கணினியில் வெளிவந்தபொழுது, அவற்றின் நிழல்கள் அக்காலத்து வரைகலை அட்டைகளுள் குறிப்பிட்ட சிலவற்றுக்கே உரிய ஒரு நுட்பத்தைச் சார்ந்திருந்தன. பின்னர் வந்த அட்டைகள் அந்நுட்பத்தைக் கைவிட்டன. விளைவாக, 2004ஆம் ஆண்டின் பண்டோரா டுமாரோவைப் புதிய கணினியில் அப்படியே இயக்கினால் விளக்குகளும் நிழல்களும் உரியவாறு தோன்றா. விளையாட்டின் உட்கணக்கில் இருள் இருக்கும். ஆடுவோர் கண்ணுக்கு அது தெரியாது. தான் மறைந்திருப்பதை அறியாமலே மறைந்திருப்பதும், ஒளியில் நிற்பதை அறியாமலே பிடிபடுவதும் நேரும். ஏடு சிதைந்தால் சொல் மறையும். இங்குச் சொற்களெல்லாம் இருக்க, அவற்றைப் பிரித்துக்காட்டும் ஓசை மறைந்தது. மறுபதிப்பு எதற்குத் தேவை என்பதை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டா. பழைய வடிவத்தை அப்படியே விட்டுவைத்தலே காப்பு எனும் வாதம் இங்கு வலுவிழக்கிறது.

இரண்டாவது, விரலின் அழுத்தம். பிளேஸ்டேஷன் 2 கருவியின் கைப்பிடியிலிருந்த பொத்தான்கள் எவ்வளவு அழுத்தமாக அமுக்கப்படுகின்றன என்பதை உணரவல்லவை. மெட்டல் கியர் சாலிட் வரிசையின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் (2001, 2004) இதனைப் பொருளுடன் பயன்படுத்தின. குறிவைத்தபின் பொத்தானைச் சட்டென விட்டால் துப்பாக்கி வெடிக்கும். மெல்ல விட்டால் வெடிக்காமல் தாழும். மூன்றாம் பாகத்தில் பகைவனைப் பின்னிருந்து பற்றியபின், மெல்ல அமுக்கினால் அவன் பிடியில் நிற்பான். அழுத்தி அமுக்கினால் அவன் கழுத்து அறுபடும். கொல்வதற்கும் விடுவதற்கும் இடையே இருந்தது ஒரு பெருவிரலின் நடுக்கமே. புளூபாயிண்ட் நிறுவனம் 2011இல் இவற்றை உயர்தெளிவில் ஆக்கியபொழுது, அழுத்தம் உணராப் பொத்தான்களைக் கொண்ட எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்காக இச்செயல்களை வேறு முறைக்கு மாற்ற நேர்ந்தது. படம் பன்மடங்கு தெளிந்தது. கை தன் தயக்கத்தை இழந்தது. தெளிவை மட்டும் அளவுகோலாகக் கொண்ட மதிப்புரைகள் இவ்விழப்பைக் குறைபாடாகக் கணக்கிடுவதில்லை.

மூன்றாவது, மிகைத்திறன். மெட்டல் கியர் சாலிட்டின் முதல் பாகம் 2004இல் கேம்கியூப் கருவிக்காக தி ட்வின் ஸ்நேக்ஸ் எனும் பெயரில் மறுஆக்கம் செய்யப்பட்டது. இரண்டாம் பாகத்தில் அறிமுகமான, நாயகனின் கண்வழியே குறிவைக்கும் வசதி இதில் சேர்க்கப்பட்டது. அவ்வசதி இல்லாத காலத்தில் வரையப்பட்ட அறைகளும் நடைவழிகளும் பெரும்பாலும் அவ்வாறே இருந்தன. எனவே முன்னர் அஞ்சி ஒளிந்த இடங்களில் தொலைவிலிருந்தே காவலரை வீழ்த்த முடிந்தது. உரையாசிரியர் மூலத்தை விளக்கப்புகுந்து மூலத்தின் முரணைத் தீர்த்துவிடுதல் போன்றது இது.

இவற்றோடு பனுவல் முழுதும் மறையும் நிலையும் உண்டு. 2021 நவம்பரில் கொனாமி நிறுவனம், மேற்கூறிய இரண்டாம், மூன்றாம் பாகங்களின் உயர்தெளிவு வடிவங்களை இணைய விற்பனையிலிருந்து நீக்கியது. விளையாட்டினுள் பயன்படுத்தப்பட்ட வரலாற்று ஆவணப் படக்காட்சிகளின் உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்ததே காரணம். ஏறத்தாழ ஈராண்டு கழித்து, 2023 அக்டோபரில் மாஸ்டர் கலெக்ஷன் எனும் தொகுப்பாக அவை மீண்டன. அத்தொகுப்பில், காலத்துக்கு ஒவ்வாத சில சித்திரிப்புகள் ஆக்கியோரின் நோக்கத்தைப் பேணும்பொருட்டு மாற்றப்படாமல் விடப்பட்டுள்ளன எனும் அறிவிப்பு இடம்பெற்றது. திரைக்கதையும் துணைநூலும் உடன் வைக்கப்பட்டன. பதிப்பாசிரியர் முன்னுரைக்குரிய கடமையை ஒரு வணிக நிறுவனம் ஓரளவேனும் உணர்ந்த இடம் இது எனலாம். எனினும் கணினிக்கான வடிவத்தில் இவ்விரு பாகங்களின் படம் பழைய 720 கோட்டு அளவிலேயே வரையப்பட்டமை கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 2025 ஆகஸ்டில் வெளிவந்த மெட்டல் கியர் சாலிட் டெல்டா, மூன்றாம் பாகத்தின் குரற்பதிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு காட்சிகளை முற்றும் புதிதாக வரைந்தது. நாயகனின் பின்னிருந்து பார்க்கும் புதிய கோணத்தோடு, மேலிருந்து பார்க்கும் பழைய கோணத்தையும் தேர்ந்துகொள்ள அது இடமளிக்கிறது. பழம்பாடத்தை அருகில் வைக்கும் முயற்சியாக இது வரவேற்கத்தக்கது.

கோலாலம்பூரில் ஒளிதல்

இனி இரண்டாம் வகை மறைவுக்கு வருவோம். டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஹிட்மேன் 2: சைலண்ட் அசாசின், கூலிக்கொலைஞன் ஒருவனின் கதை. தொழிலைத் துறந்து சிசிலித் தீவின் தேவாலயம் ஒன்றில் தோட்டவேலை செய்து பாவமன்னிப்பு நாடும் அவன், தன் பாதிரியார் கடத்தப்பட்டதால் மீண்டும் பழைய தொழிலுக்குத் திரும்புகிறான். ரஷ்யா, ஜப்பான் ஆகியவற்றுக்குப்பின் கதை மலேசியாவுக்கு வருகிறது. அடுத்தடுத்த மூன்று கட்டங்கள் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் நிகழ்கின்றன. முதற்கட்டம் நிலவறை, இரண்டாவது இரவுநேர அலுவலகத் தளம், மூன்றாவது உச்சியிலுள்ள ஆடம்பர இல்லம். கீழிருந்து மேலேறும் இவ்வமைப்பு, உழைப்போர் நடமாடும் அடித்தளத்திலிருந்து உடைமையாளர் வாழும் முகடு வரை ஒரு சமூகத்தின் நெடுக்குவெட்டாக அமைந்துள்ளது.

இவ்விளையாட்டில் மறைவு என்பது ஆடைமாற்றம். ஒருவனை வீழ்த்தி அவன் உடையை அணிந்துகொண்டால் நாயகன் அவனாகவே கருதப்படுவான். ஓடினாலோ நெருங்கிச் சென்றாலோ ஐயம் எழும். அமைதியாக நடந்தால் எழாது. கோலாலம்பூர்க் கட்டத்தில் உணவு கொண்டுவருபவனின் உடையோ தீயணைப்பாளரின் உடையோ காவலைக் கடக்க உதவுகிறது. வள்ளுவர் கூறிய ‘வினவப்படாத உருவம்’ இங்குப் பணியாளரின் சீருடையாகிறது. சீருடை அணிந்தவரை எவரும் முகம்பார்த்து நோக்குவதில்லை எனும் உண்மையை இவ்விளையாட்டு தன் விதியாகவே கொண்டுள்ளது. காவற்பணியிலும் துப்புரவுப் பணியிலும் ஓட்டுநர் பணியிலும் நம்மவர் பலர் உழைக்கும் இந்நகரத்தில், இவ்விதியை வெறும் கற்பனை எனத் தள்ளிவிட இயலாது. தமிழ் வாசகர்க்கு இக்களம் தரும் மிக ஆழமான பொருள் இதுவே என்பது நம் துணிபு.

இனி, 2013ஆம் ஆண்டின் உயர்தெளிவுத் தொகுப்பு இதனை என்ன செய்தது? பழைய தொலைக்காட்சித் திரையில் மங்கலாகத் தோன்றிய விளிம்புகள் கூர்மை பெற்றன. ஆனால் சுவர்களும் முகங்களும் 2002ஆம் ஆண்டுக்குரியவையாகவே நின்றன. அக்காலக் கருவியின் நினைவக எல்லை கருதி ஒரே உருவமும் ஒரே முகமும் பல காவலர்க்குப் பயன்படுத்தப்பட்டிருந்தன. மங்கலில் அது உறுத்தவில்லை. தெளிவில், ஒரே முகம் நடைவழிதோறும் நிற்பது கண்ணில் படுகிறது. இதனைத் தொழில்நுட்பக் குறையாகக் கொண்டு நகைப்போர் உளர். நாம் வேறுவகையாக நோக்குகிறோம். பணியாளர் அனைவரும் ஒருவர்போலத் தோன்றுவதே இவ்விளையாட்டின் மறைவு விதிக்கு அடிப்படை. மங்கலான படம் அவ்விதியை மூடிவைத்தது. தெளிந்த படம் அதனை வெளிக்காட்டிவிட்டது. இவ்வொரு கூற்றில் உயர்தெளிவு மூலத்துக்குக் கேடு செய்யாமல் உரை செய்துள்ளது.

தெளிவு வெளிக்காட்டும் மற்றொன்று, நகரத்தின் இன்மை. கோலாலம்பூர் எனும் பெயர் திரையில் வருகிறது, கோபுரத்தின் அகம் வருகிறது, நகரம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸின் அஞ்சடிக் கடைகளோ கிள்ளானின் தெங்கு கிளானா சாலையோ இக்களத்தில் இல்லை. 88 மாடிகளும் 452 மீட்டர் உயரமும் கொண்டு, 1999இல் திறப்புவிழாக் கண்ட ஒரு கட்டடமே முழு நாட்டுக்கும் அடையாளமாகிவிட்டது. அதே 1999இல் வெளியான என்ட்ராப்மென்ட் எனும் ஹாலிவுட் படமும் களவைப் பொருளாகக் கொண்டு இக்கோபுரத்தையே களமாக்கியது. மலாக்கா ஆற்றங்கரைக் குடிசைகளைக் கோபுரத்தின் அருகே ஒட்டிக்காட்டியமையால் அன்றைய பிரதமர் மகாதீரின் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. திரைப்படம் இல்லாத நகரத்தைச் சேர்த்தது. விளையாட்டு இருக்கும் நகரத்தை நீக்கியது. படப்புள்ளிகளைப் பெருக்கும் எந்த மறுவெளியீடும் இந்நீக்கத்தைச் சரிசெய்ய இயலாது. ஆக்கியோர் காணாததைத் தெளிவு காட்டாது.

இதே விளையாட்டின் இந்தியக் கட்டங்கள் இன்னொரு பதிப்புச் சிக்கலை எழுப்புகின்றன. அமிர்தசரஸ் பொற்கோயிலை நினைவூட்டும் வழிபாட்டிடம் ஒன்றில் கொலைகள் நிகழ்வதாக அமைந்த கட்டத்தைச் சீக்கிய அமைப்புகள் 2002இல் கண்டித்தன. 1984ஆம் ஆண்டின் குருதி இன்னும் உலராத நினைவுடைய ஒரு சமுதாயத்தின் குரல் அது. சீக்கியப் பகுதிகள் நீக்கப்பட்ட வடிவம் பின்னர் வெளிவந்தது. ஒற்றர் துறவியர் வேடம் பூண்பதை வள்ளுவரும் சொல்கிறார். ஆயின் அரசியல் உத்தியைப் பொதுவாகக் கூறுதல் வேறு. வாழும் மக்களின் புனித இடத்தைக் கொலைக்களமாக வரைதல் வேறு. அந்நீக்கம் முறையானதே. எனினும் நீக்கம் நிகழ்ந்தது என்பதும், ஏன் நிகழ்ந்தது என்பதும் பதிப்பின் பகுதியாகப் பதிவுபெற வேண்டும். இல்லையேல் பிழையும் மறையும். அதனைத் திருத்திய மக்களின் குரலும் மறையும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2019இல் ஹிட்மேன் வரிசைக்கு மேலும் தெளிவான ஒரு தொகுப்பு வெளியிடப்பட்டது. 2006, 2012ஆம் ஆண்டுகளின் இரு விளையாட்டுகள் அதில் இடம்பெற்றன. 2002ஆம் ஆண்டின் விளையாட்டு இடம்பெறவில்லை. தொகுப்பில் சேர்த்தலும் விடுத்தலும் காலப்போக்கில் ஒரு பனுவலின் வாழ்வையும் இறப்பையும் முடிவுசெய்யும் என்பதை எட்டுத்தொகையைத் தொகுத்தோரிடமிருந்தே நாம் அறிவோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் படிகளும் கைகளும்

இவ்விளையாட்டுகள் இங்கு எவ்வாறு பரவின என்பதையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். பெட்டாலிங் சாலையிலும் புறநகர் இரவுச்சந்தைகளிலும் விற்ற கள்ளப்படிகளே பலருடைய முதல் படிகள். மலேசிய அரசு 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றுமளவுக்கு அவ்வணிகம் பெருகியிருந்தது. ஒரு வட்டில் அடக்கும்பொருட்டுக் குறுக்கப்பட்ட படிகளில் இடைக்காட்சிகளும் இசையும் நீக்கப்பட்டிருந்தன. இறுதிக்காட்சி இல்லாத விளையாட்டை முழுமையானதாகவே எண்ணி ஆடி முடித்தோர் உளர். ஓலை உதிர்ந்த ஏட்டைப் படித்தோர் நிலை இது. உரிமையுடைய மறுபதிப்பு அன்னோர்க்கு முதன்முறையாக முழுப்பனுவலைத் தருகிறது. எனவே மறுவெளியீட்டை வெறும் வணிக ஆசை என ஒதுக்குவதற்கில்லை.

பெறுமிடமாக இருந்த இப்பள்ளத்தாக்கு இன்று ஆக்குமிடமாகவும் ஆகியுள்ளது. சிலாங்கூரில் இயங்கும் லெமன் ஸ்கை ஸ்டுடியோஸ் எனும் கலைக்கூடம், 2017இல் ஸ்டார்கிராஃப்ட், 2020இல் வார்கிராஃப்ட் 3, அதே ஆண்டில் கமாண்ட் அண்ட் காங்கர் ஆகியவற்றின் மறுபதிப்புகளுக்கு ஓவியப்பணி ஆற்றியது. இவை மறைந்தியங்கும் விளையாட்டுகள் அல்ல, போர்த்தந்திர விளையாட்டுகள். ஆயினும் நம் வாதத்துக்கு இவை இன்றியமையாதவை. ஒரே கலைக்கூடத்தின் கைகள் உழைத்த பதிப்புகளுள் இரண்டு, நேரெதிரான நிலைகளை அடைந்தன.

கமாண்ட் அண்ட் காங்கர் மறுபதிப்பில், தனியாக ஆடும்போது ஒரு விசையை அழுத்தினால் போதும். 1995ஆம் ஆண்டின் ஓவியமும் 2020ஆம் ஆண்டின் ஓவியமும் கண்முன்னே மாறி மாறித் தோன்றும். அதன் மூலநிரலின் முதன்மைப் பகுதிகளும் பொதுவில் வெளியிடப்பட்டன. மூலபாடமும் வேறுபாடும் ஒரே பக்கத்தில் அமைந்த செம்பதிப்பு எனத் தயங்காது கூறலாம். வார்கிராஃப்ட் 3இன் நிலை வேறு. புதிய வடிவம் வெளியானதும் பழைய விளையாட்டை முன்னரே வாங்கியிருந்தோரின் படியும் புதிய மென்பொருளாக மாற்றப்பட்டது; பழையதில் இருந்த வசதிகள் சில, தொடக்கத்தில் புதியதில் இல்லை. வாங்கியோர் சினந்தனர், பணம் திருப்பியளிக்கப்பட்டது. புதிய பதிப்பு அச்சானதும் பழைய ஏடுகளை வீடுவீடாகச் சென்று வாங்கி அழித்தலுக்கு ஒப்பானது இது. ஓவியரின் கை இரண்டிலும் திறமாகவே இயங்கியது. வேறுபாடு, பதிப்பின் நெறியை வகுத்தோரிடம் இருந்தது. பதிப்பாசிரியர் எனும் பொறுப்பு பெயரிட்டு ஏற்கப்படாத இடத்தில் இத்தகைய இழப்பு மீண்டும் நேரும்.

மறைந்தியங்கும் விளையாட்டுகளின் மறுபதிப்பாளர்க்குக் கமாண்ட் அண்ட் காங்கர் ஒரு வழிகாட்டி. நிழலின் பழைய அளவையும் சட்டகத்தின் பழைய அகலத்தையும் விரும்பியபொழுது திரும்பப்பெறும் ஒரு விசை போதும். தெளிவும் இருளும் ஒரே பதிப்பில் உடன்வாழும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன. மறைந்தியங்கும் விளையாட்டின் மறுபதிப்பு, காணப்படுவதற்கும் காணப்படாததற்கும் இடையே மூலம் வகுத்த உறவைப் பேண வேண்டும். படப்புள்ளிகளின் தொகை அதற்கு அடுத்ததே. கருவி மாற்றத்தால் தவிர்க்கவியலாத வேறுபாடுகளை மறைக்காது, பழம்பாடத்தை அருகில் வைத்துக் காட்ட வேண்டும். நீக்கியதையும் சேர்த்ததையும் காரணத்தோடு அறிவிக்க வேண்டும். இவ்வளவுகோல்களின்படி, 2011, 2013ஆம் ஆண்டுகளின் தொகுப்புகள் நல்ல படிகள்; நல்ல பதிப்புகள் ஆகவில்லை. 2023ஆம் ஆண்டின் தொகுப்பு பதிப்பை நோக்கிய ஒரு நகர்வு.

இவ்வக்கறை அயலார் பொருள்மீது நாம் கொண்ட அக்கறை மட்டுமன்று. கோலாலம்பூரில் 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் திஸ்கி முதலிய குறியீடுகளில் நாம் தட்டச்சு செய்து வைத்த கோப்புகள், மாற்றியின் துணையின்றி இன்றைய கணினியில் வெறும் குறிகளாகவே தோன்றுகின்றன. அக்காலத்துத் தமிழ்க் கற்றல் வட்டுகளும் அவற்றை இயக்கிய கருவிகளோடு சேர்ந்து வழக்கொழிந்து வருகின்றன. எண்மியப் பனுவல் ஓலையினும் விரைவில் அழியக்கூடியது. அதனைக் காத்துப் பதிப்பிக்கும் நெறியை வகுக்கத் தேவையான கலைச்சொற்களும் பட்டறிவும் தமிழ்ப் பதிப்புலகத்திடம் நூற்றாண்டுக்கு மேலாக உள்ளன. அவற்றை இப்புதிய பனுவல்கள்மீது பயன்படுத்தும் பணியைத் தமிழாய்வு மாணவர் மேற்கொள்வராயின், இரட்டைக் கோபுரத்தின் நிலவறைக் களம் அதற்குப் பொருத்தமான முதற்பாடமாக அமையும்.